அடுத்த மாதம் எந்தப் புத்தகம்?

பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுவதென்று தீர்மானித்துவிட்டால், அதில் சிரமமான காரியம் படிப்பதன்று. எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று முடிவு செய்வதேயாகும். பெண் பார்க்கும் வைபவத்தில்கூட இவ்வளவு அபிப்பிராய பேதம் உண்டாவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படிக்கலாமே என்பார் ஒருவர். அதைத்தான் நாலு தடவை படித்தாயிற்றே என்பார் மற்றொருவர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற கனவான், உபநிஷத்துகளை விட்டால் உலகத்தில் படிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பார். மூலையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அதற்குள் காபி வந்துவிடும். கடைசியில் யாருடைய குரல் உரத்ததோ அவருடைய புத்தகமே நிச்சயமாகும். மறுநாள் போய்ப் பார்த்தால் அது நூல் நிலையத்தில் இராது.

தமிழ்நாட்டில் இன்று வாசகர் வட்டங்களுக்குக் குறைவில்லை. பொது நூலகங்களோடு இணைந்தவை சில. கோயில் வீதியிலும், அடுக்குமாடிக் குடியிருப்பிலும், பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலும் தாமாகவே முளைத்தவை வேறு சில. அவற்றில் ஆளுக்கொரு பிரதி விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி படைத்தவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர்கள் க்ஷேமமாக இருக்கட்டும். அரிசி, பால், பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் போக மிஞ்சியதைக் கொண்டு காலம் தள்ளும் குடும்பங்கள், நூல் நிலையத்தை நம்பித்தான் வட்டம் நடத்த வேண்டியிருக்கிறது. அத்தகைய வட்டம் ஒன்றைச் சில வருஷங்களாக நாம் அருகிலிருந்து கவனித்து வருகிறோம். எந்த ஊர் என்ற விவரம் அவசியமில்லை. அங்கே கண்டதையும் கேட்டதையும் கொண்டே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சங்கதி. இரவல் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்குச் சற்றுக் கூச்சம். கல்யாணத்துக்குப் போக அண்டை வீட்டில் நகை இரவல் வாங்குவது போன்ற நினைப்பு வந்துவிடுகிறது. நூல் நிலைய இரவல் அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. சென்னை மாகாணத்தில் 1948ஆம் வருஷம் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் ஓயாமல் வாதாடியவர் ஸ்ரீ ரங்கநாதன். சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானவர். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இப்போதைய விகிதம் ரூபாய்க்குப் பத்துக் காசு. வரியைக் கட்டுகிறவர் வீட்டுக்காரர்தான் என்றாலும், குடித்தனக்காரர் கொடுக்கும் வாடகையிலிருந்துதானே அவர் கட்டுகிறார்? ஆகவே, கிளை நூலகத்து அலமாரியில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் நம் வீட்டுப் பணம் ஒரு துளி சேர்ந்திருக்கிறது. நம் பொருளை நாமே எடுத்து வருவதற்குக் கூச்சம் எதற்கு?

வாசகசாலை நமக்குப் புதிதும் அன்று. ஈரோட்டைச் சேர்ந்த கருங்கல்பாளையத்து வாசகசாலைக்கு 1921இல் பாரதியார் வந்து பிரசங்கம் செய்தார். அதற்குச் சில வாரங்களுக்கெல்லாம் அவர் காலமானார். 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. வண்டியில் ஏற்றி வந்ததற்குள்ளேதான் அந்த ஜனங்கள் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் 4,000க்கு மேல் இருக்கின்றன. சௌகரியம் பெருகியிருக்கிறது, பொறுக்கும் சாமர்த்தியம் அதற்குத் தக்கபடி பெருகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வோட்டு எடுத்துவிட்டால் நியாயமாகப் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நாம் சொல்லும் வட்டத்திலும் முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது. அந்த வருஷம் வந்த புத்தகங்களில் முக்காலே மூன்று வீசம் ஏற்கெனவே எல்லோருக்கும் பெயர் தெரிந்தவை. பாதிப் பேர் எப்போதோ படித்து முடித்தவை. இதற்குக் காரணம் காண்பது கடினமன்று. வோட்டில் ஜயிப்பது ஒருவருக்கேனும் உயிராய் இருக்கிற புத்தகமன்று. ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லாத புத்தகம். ஆட்சேபமே இல்லாத புத்தகத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் என்னத்தைப் பேசுவது? “நன்றாயிருந்தது”, “நடை சரளம்”, “இப்போதெல்லாம் யார் ஸார் இப்படி எழுதுகிறார்கள்?” என்னும் மூன்று வாக்கியங்களோடு இலக்கிய விசாரம் முற்றுப்பெறும். பாக்கி நேரமெல்லாம் நெய் விலையைப் பற்றிய சம்பாஷணைதான்.

இரண்டாம் வருஷத்தில் ஏற்பாடு மாறியது. மாதத்துக்கு ஒருவர் முறை. அவர் குறிப்பிடுவதே அந்த மாதத்துப் புத்தகம். தடுத்துச் சொல்ல மற்றவர்களுக்கு அதிகாரம் கிடையாது. நிபந்தனைகள் இரண்டு மாத்திரம். புத்தகத்தை நூல் நிலையத்து அலமாரியில் அவர் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அதில் ஐம்பது பக்கமாவது படித்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த நிபந்தனைகளால் விளைந்த நன்மை கொஞ்சமன்று. “இருக்கும், விசாரித்தால் கிடைக்கும்” என்று வீட்டில் உட்கார்ந்தபடியே புத்தகம் சொல்லுகிறவர்கள் எழுந்து நடந்து நூல் நிலையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. போனவர்கள் தேடிச் சென்ற புத்தகத்தைக் காணாமல், அதற்குப் பக்கத்தில் இருந்த வேறொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒரு காலத்தில் இதற்கு இடமே இல்லை. அலமாரிகள் பூட்டிக் கிடக்கும். சீட்டு எழுதிக் கொடுத்தால் சேவகர் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். பெயர் தெரிந்த புத்தகத்தைத்தானே சீட்டில் எழுத முடியும்? வாசகர்கள் தாமே அலமாரிகளுக்கு நடுவே புகுந்து புரட்டிப் பார்க்கலாம் என்ற முறையைச் சர்வகலாசாலை நூல் நிலையத்தில் கொண்டுவந்தவர் ஸ்ரீ ரங்கநாதன். இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பியதன் பலன்களில் அது ஒன்று. அவர் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாமோ கைபேசியில் நாலு பேர் சிபார்சு செய்த நாலு புத்தகங்களையே இன்னமும் சீட்டு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஐம்பது பக்கம் என்ற நிபந்தனை உபநிஷத்துக் கனவானைத்தான் அதிகமாகப் பாதித்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் மனுஷர் சளைத்தவரல்லர். அதன் பிறகு அவர் முறை வந்தபோதெல்லாம் உண்மையாகவே படித்துவிட்டுத்தான் வந்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் முறையும் ஒரு மாதம் வந்தது. ரெயில்வேயில் குமாஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி அவர். இரண்டு வருஷமாக அவர் பேசிய மொத்த வார்த்தைகளை ஒரு போஸ்டு கார்டில் எழுதிவிடலாம். அவர் கொண்டுவந்தது ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளங்களில் கூலிக்கு உழைக்கும் ஜனங்களைப் பற்றிய நாவல் அது. ராஜம் கிருஷ்ணன் எந்த ஜனங்களைப் பற்றி எழுதினாலும் அவர்கள் இருக்குமிடத்துக்கே போய் விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதியவர். நீலகிரிப் படுகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித்தேன்’ அவ்வாறு பிறந்ததுதான்.

கூட்டத்தில் அந்த அம்மாள் சொன்னது இவ்வளவே: “வருஷந்தோறும் வேதாரணியத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். உப்பைக் கையில் எடுத்தவர்களுடைய பெயரெல்லாம் நமக்குத் தெரியும். உப்பை வாருகிறவர்கள் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா?”

1930ஆம் வருஷம் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் வேதாரணியத்துக்கு நடந்துபோய் உப்பு எடுத்த வரலாற்றை அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் மேடையேறிப் பேசியிருக்கிறார்கள். பதில் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. அன்று கூட்டம் விளக்கு வைத்த பிறகும் கலையவில்லை. நெய் விலையை ஒருவரும் பிரஸ்தாபிக்கவும் இல்லை. வோட்டு எடுத்திருந்தால் அந்தப் புத்தகத்துக்கு அந்த அம்மாளின் வோட்டைத் தவிர இன்னொன்று விழுந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

இது நிற்க. பிரதிகளின் விஷயத்துக்கு வருவோம். பத்துப் பேருக்கு ஒரே புத்தகம் வேண்டும். நூல் நிலையத்திலோ ஒரு பிரதிதான் இருக்கிறது. இந்த இடத்தில் மனமுடைந்து கலைந்துபோன வட்டங்கள் பல. ஆனால் நூலக இலாகா புத்தகம் வாங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீரும். ஒரு தலைப்பை வாங்கும்போது பல நூறு பிரதிகளாக வாங்கி, ஜில்லா ஜில்லாவாக நூலகங்களுக்குப் பங்கிட்டு அனுப்புகிறார்கள். ஆகையால், நம் தெருக் கோடியில் உள்ள கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தால், ஊரின் மறு கோடியிலுள்ள கிளையிலும், மாவட்ட மைய நூலகத்திலும், அடுத்த கிராமத்து ஊர்ப்புற நூலகத்திலும் அதே புத்தகம் இருப்பதற்கு மிகுந்த இடமுண்டு. வட்டத்து அங்கத்தினர்கள் எல்லோரும் ஒரே நூலகத்தில் அட்டை வைத்திருப்பது வீண். ஆளுக்கொரு மூலையில் அங்கத்தினராகிப் பட்டியலைச் சேர்த்துப் பார்த்தால் நாலைந்து பிரதிகள் தேறும். மூன்று பேருக்கு ஒரு பிரதி இருந்தால் வட்டம் நடத்தலாம். அதற்கும் குறைந்தால் சிரமந்தான். தவணை முடிவதற்குள் புத்தகம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற வேண்டுமல்லவா?

ஒரே பிரதிதான் அகப்படும் என்றால் அதற்கும் வழி உண்டு. சிறுகதைத் தொகுதியாகப் பார்த்து எடுப்பதே அந்த வழி. புதுமைப்பித்தன் கதைகள் அடங்கிய தொகுதி ஒன்று இருந்தால் ஒரு வட்டம் ஆறு மாதம் பிழைத்துக்கொள்ளும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பிரதியும் ஒன்று போதும். கண் மங்கிய பெரியவர்களுக்கும் அனுகூலம். ஆயினும் எந்தக் கதை என்பதில் யோசனை வேண்டும். ‘சாப விமோசனம்’ என்ற கதையை எடுத்துக்கொண்ட கூட்டத்தில், அதனுடன் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமக’னில் அகலிகை வரும் பகுதியையும் சேர்த்து வாசித்தார்கள். ஒன்றில் அகலிகை சாபம் நீங்கி எழுந்திருக்கிறாள். மற்றொன்றில் அப்படி எழுந்தவள், சீதை அக்கினிப் பிரவேசம் செய்ய நேர்ந்த கதையைக் கேட்டு மீண்டும் கல்லாகிவிடுகிறாள். தனித்தனியாக எத்தனையோ தடவை படித்தவர்களுக்கும், இரண்டையும் அக்கம் பக்கமாக வைத்துக் கேட்டபோது வேறு விதமாகப் பட்டது. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எங்கும் அகப்படுகிற புத்தகம், புதுமைப்பித்தனும் அப்படியே. ஆகவே அரிய நூலுக்கு அலைவதைவிட, எளிதில் கிடைக்கும் இரண்டு நூல்களை இணை சேர்ப்பது புத்திசாலித்தனம் என்பது நம் அபிப்பிராயம்.

இதே போல, ஆசிரியர் ஒருவரை மட்டும் நிச்சயித்துவிட்டுப் புத்தகத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு. தி. ஜானகிராமன் மாதம் என்றால் ஒருவர் ‘மோகமுள்’, ஒருவர் ‘அம்மா வந்தாள்’, ஒருவர் ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று எது அகப்படுகிறதோ அதை எடுத்து வரலாம். கடைசியாகச் சொன்னது அவரும் சிட்டியும் சேர்ந்து காவேரிக் கரையோடு போய்வந்து எழுதிய பிரயாண நூல். அதை முதலில் வெளியிட்ட பதிப்பகத்துக்கு ‘வாசகர் வட்டம்’ என்றே பெயர். அதை நடத்தியவர் தீரர் சத்தியமூர்த்தியின் புதல்வி லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி. இந்த முறையில் பேச்சு பல திசைகளில் சிதறும் என்பது வாஸ்தவம். மாதந்தோறும் செய்யலாகாது.

பதிப்பைக் கவனிக்காமல் புத்தகம் எடுப்பவர்கள் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டபடியால் எத்தனையோ பதிப்பகத்தார் அவற்றை அச்சிட்டிருக்கிறார்கள். நூல் நிலையத்திலும் ஒரே கதை மூன்று நான்கு உருவங்களில் இருக்கும். “இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னதும், பத்துப் பேர் பத்து இடத்தில் போய் நிற்பார்கள். ஒருவருக்கு வந்தியத்தேவன் குதிரை மேல் இருப்பான்; இன்னொருவருக்குக் கடலில் தத்தளிப்பான். அத்தியாயத் தலைப்பைச் சொல்லுவதே உத்தமம். அதைக் காட்டிலும் பெரிய ஆபத்து சுருக்கப் பதிப்பு. ‘சுருக்கம்’ என்ற சொல்லை அட்டையில் காணாமல், உள்ளே சின்ன எழுத்தில் மட்டும் போட்டிருப்பார்கள். முதல் நாலு பக்கங்களைப் புரட்டி, எந்த வருஷத்துப் பதிப்பு, முழு நூலா, மொழிபெயர்ப்பானால் எந்தப் பாஷையிலிருந்து யார் பெயர்த்தது என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

மொழிபெயர்ப்புகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நம் தேசத்து மற்றப் பாஷைகளின் நூல்கள் தமிழ்நாட்டு நூல் நிலையங்களில் ஏராளமாக இருக்கின்றன, எடுக்கிறவர்கள் சொற்பம். சாகித்திய அகாதெமியும், 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிட்டவற்றை ஒரு வட்டம் வருஷம் மூன்றாவது படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவோம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீ’னைச் சுந்தர ராமசாமி தமிழில் தந்திருக்கிறார். தாராசங்கர் பந்த்யோபாத்யாயரின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தை வங்காளியிலிருந்து பெயர்த்தவர் த. நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்துப் பார்த்து மரணம் வரும் காலத்தைச் சொல்லக்கூடிய கிழ வைத்தியர் ஒருவர், புதிய இங்கிலீஷ் வைத்தியம் ஊருக்குள் வந்த பிறகு என்ன ஆகிறார் என்பது கதை. வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்கள் இல்லாத குடும்பம் எது? வங்காளத்துக் கிராமத்தின் கதையென்று ஒருவரும் நினைக்கவில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் பார்த்தோம்.

இனி, சற்றுக் கஷ்டமான விஷயம். ஒரு தெருக்காரர்கள் கூடிப் படித்தால், தங்கள் தெருவைப் பற்றிய புத்தகங்களையே படித்துக்கொண்டிருப்பார்கள். இது மனித சுபாவம். அக்கிரகாரமும், பண்ணை வீடும், காலேஜுப் படிப்பும், கச்சேரி உத்தியோகமும் வருகிற கதையானால் பக்கங்கள் தாமே புரளும். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அவ்வட்டத்தில் உண்டு; தகப்பனாருக்குத் துணையாக வர ஆரம்பித்தவள். அவள் முறை வந்தபோது பாமாவின் ‘கருக்கு’ என்றாள். 1992இல் வெளிவந்த நூல் அது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, கிறிஸ்தவ மடத்தில் சேர்ந்து, அதை விட்டும் வெளியேறிய ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது.

ஆட்சேபங்கள் கிளம்பாமலிருக்குமா? தடுக்கும் அதிகாரம் இல்லாதபடியால் ஆட்சேபங்கள் ஆலோசனையின் உருவத்தில் வந்தன. “பாஷை கொச்சையாயிருக்கிறதே அம்மா, குழந்தைகள் படிக்கிற இடமாயிற்றே” என்றார் ஒருவர். “படித்தால் மனசு சங்கடப்படும், மாதத்தில் ஒரு நாள் சந்தோஷமாயிருக்கத்தானே கூடுகிறோம்?” என்றார் மற்றொருவர். அந்தப் பெண் பணிவாகத்தான் பதில் சொன்னாள்: “மாமா, ஐம்பது பக்கம் படித்துவிட்டேன். அலமாரியில் பார்த்தும்விட்டேன். நிபந்தனை இரண்டும் ஆயிற்று.”

சட்டம் அவள் பக்கம். அன்றிரவே அவளுடைய தகப்பனாருக்கு இரண்டு மூன்று பேர் டெலிபோன் செய்து, பெண்ணிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்களாம். அவர் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூன்று பேர் வரவில்லை. அவர்களில் ஒருவர் பிறகு வட்டத்தை விட்டே நின்றுவிட்டார். வந்தவர்கள் படித்துவிட்டு வந்திருந்தார்கள். புத்தகத்தில் வரும் பேச்சு கொச்சையா அல்லவா என்ற தர்க்கம் பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. பிறகு, தங்கள் தங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாகாது என்றிருந்தது, டீக்கடையில் தனித் தம்ளர் எந்த ஆணியில் தொங்கியது என்று ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார்கள். ஒரே தெருவில் முப்பது வருஷம் குடியிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அதுவரை சொல்லாத சங்கதிகள் அவை. ஒருவர் போனதற்காக வட்டத்தார் இன்னும் வருத்தப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணை அன்று தடுத்திருந்தால், அவளும் போயிருப்பாள். தன்மானமுள்ள இளைய தலைமுறை எதுவும் பிறகு அந்தப் படியேறியிருக்காது. இருவரில் ஒருவரை இழந்துதான் ஆக வேண்டும் என்றால் எவரை இழப்பது என்பதை ஒவ்வொரு வட்டமும் புத்தகம் பொறுக்கும்போதே தீர்மானித்துக்கொள்கிறது, தெரிந்தோ தெரியாமலோ.

பருமனான புத்தகங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைக் கண்டு கூடத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள், தலைக்கு வைத்துப் படுக்கலாம் போன்ற கனம். ஆனால் அது 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வாரா வாரம் வந்தது, 1942இல் ஐயரவர்கள் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றது. வாரத்துக்கு ஒன்றாகப் படிக்கும்படி எழுதியதை ஒரே மூச்சில் படிப்பானேன்? மூன்று மாதத்துக்குப் பகிர்ந்துகொண்டு முடித்தார்கள். ஓர் ஏட்டுச் சுவடிக்காக ஊர் ஊராய் அலைந்து, வீடு வீடாய் நின்று இரவல் கேட்ட பெரியவரின் கதையை, இரவல் புத்தகத்தில் படிப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கத்தான் செய்கிறது. ‘பொன்னியின் செல்வ’னை மட்டும் இவ்வாறு பகிர்ந்துகொள்வது ஆபத்து. ஐந்து பாகங்களில் ‘கொலை வாள்’ என்னும் மூன்றாம் பாகம் எந்த நூல் நிலையத்திலும் இடத்தில் இருப்பதில்லை. அது எங்கே போகிறது என்பது சோழ சாம்ராஜ்யத்தின் மர்மங்களில் ஒன்று.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்கும் பழக்கத்தையும் சிபார்சு செய்வோம். எந்தெந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும் என்று முத்திரை குத்தியிருக்குமே, அந்தச் சீட்டு. சில புத்தகங்களில் இடமில்லாமல் இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் நாலே நாலு முத்திரை. கடைசியாக வெளியே போனது பதினைந்து வருஷத்துக்கு முன்பு. இடம் போதாத நூல் நிலையங்களில், கிழிந்தவற்றோடு நெடுநாள் ஒருவரும் தொடாதவற்றையும் கழித்துவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்ரீ ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது ஒன்று. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது மற்றொன்று. நல்ல புத்தகம் ஒன்று வாசகரைக் காணாமல் கழிபட்டுப் போகாதிருக்க வேண்டுமானால், யாராவது அதை எடுத்து வந்து ஒரு முத்திரை வாங்கித் தர வேண்டும். பத்துப் பேர் உள்ள வட்டம் மனம் வைத்தால் ஒரே மாதத்தில் அந்தச் சீட்டில் மூன்று முத்திரை விழும். ‘கரிப்பு மணிகள்’ எடுத்த நூலகத்தில், வட்டத்தார் திருப்பிக் கொடுத்த பிறகு நம்மவர் அல்லாத இரண்டு பேர் அதை எடுத்துப் போயிருக்கிறார்கள். மேஜை மேல் கிடந்ததைப் பார்த்து எடுத்தார்களாம்.

இந்த மாதம் அந்தக் கல்லூரிப் பெண்ணின் தகப்பனாருடைய முறை. மாவட்ட மைய நூலகத்தில் ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். அதன் சீட்டில் ஐந்தே முத்திரைகள் என்பதை மட்டும் சொன்னார். பெயரைக் கேட்டால், நாற்பத்திரண்டு பக்கந்தான் ஆகியிருக்கிறது, இன்னும் எட்டுப் பக்கம் பாக்கி என்கிறார்.